எந்தத் துளி முதலில் விழும்

முன்னால் போன பால் வண்டி தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது. பின்னால் வந்த ஆவுடையப்பனின் ஸ்கூட்டர் தாண்டுவதற்குள் மணி அடிக்க ஆரம்பித்து, சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட கம்பம் நடுங்கிக்கொண்டே இறங்கி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. செருப்பைத் தேடாமல் இருந்திருந்தால் தாண்டியிருக்கலாம். செருப்பு மாடிப்படிக்கு அடியில் போய்க் கிடந்தது. அதை அங்கே தள்ளியது மகன் நாதனின் பையாக இருக்கும். பை கூடத்துக்கு வந்தது அவன் ஊரைவிட்டுக் கிளம்பியதால். அவன் கிளம்பியது கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை கிடைத்ததால். அங்கே போய் வேலை தேடியது, இந்த ஊரில் இனி யாரும் அவனுக்கு வேலை தரமாட்டார்கள் என்பதால். இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் எங்கே போய் முட்டும்? இந்தக் கம்பம் இந்த நேரத்தில் தன் முகத்துக்கு நேரே இறங்க வேண்டும் என்பது எப்போது முடிவானது? ஆவுடையப்பன் இஞ்சினை அணைத்தார். ஐம்பத்தாறு வயதில் ஒரு ஸ்கூட்டரை அணைப்பதற்குக்கூட ஒரு பெருமூச்சு வேண்டியிருந்தது. புது பஸ் ஸ்டாண்ட் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். மகன் அங்கே மூன்று மணி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருப்பான், அல்லது ஏறியிருப்பான். வழியனுப்ப வரமாட்டேன் என்று வீட்டில் சொன்னவர் அவர்தான். சொல்லி, அவன் ஆட்டோவில் ஏறி, ஆட்டோ தெருமுனை திரும்பி, அதன் சத்தமும் ஓய்ந்த பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல எழுந்து செருப்பைத் தேடியவரும் அவர்தான். போய் என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்குத் தெரியாது. மத்தியானம் சொன்னது சொன்னபடியே நிற்க, பஸ் கிளம்பிவிடக் கூடாது. அது மட்டும் தெரியும்.

மத்தியானம் அவர் ஒன்றும் பெரிதாகப் பேசிவிடவில்லை. ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். எதிரே நாதன். குற்றாலநாதன் என்று முழுப் பெயர்; அவருடைய அப்பாவின் பெயரை வைத்ததால் முழுதாகக் கூப்பிட வாய் வராமல் நாதன் ஆகிவிட்டான். குடியை நிறுத்த வைக்கும் விடுதியில் இரண்டாவது முறையும் இருந்துவிட்டு வந்திருந்தான். முகம் தெளிந்து, கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்திருந்தது. "இந்தத் தடவை சரியா இருந்துருவேம்ப்பா" என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, கையிலிருந்த அப்பளத்தைப் பார்த்துச் சொன்னான். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "தீபாவளிக்குள்ள திரும்பி வந்து நிப்ப. எனக்குத் தெரியும்" என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. கோபத்தில் சொன்னதைக் கோபம் ஆறியதும் தள்ளிவிடலாம். நாளைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று கேட்டால் சொல்வாரே, அந்தக் குரல். வகுப்பறைக் குரல். முப்பது வருஷமாக மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி நடத்தித் தொண்டையில் தழும்பாகிப் போன குரல். நாதன் சிரித்தான். "நீங்க சொன்னா சரியாத்தாம்ப்பா இருக்கும்" என்று சொல்லி, அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டான். மோர் ஊற்ற வந்த உலகம்மை ஊற்றாமலே அடுக்களைக்குத் திரும்பிப் போனாள். மனைவியின் கோபம் எப்போதும் அப்படித்தான், பாத்திரத்தோடு திரும்பிப் போகும். மகனின் ஆட்டோ போன பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஜோசியக்காரனாவது ஒரு பரிகாரம் சொல்லி அனுப்புவான்." அவ்வளவுதான் சொன்னாள். அவளுடைய பஞ்சாங்கத்தையும் ராகுகாலத்தையும் கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்து வந்தவருக்கு, செருப்புத்தான் தேடக் கிடைத்தது.

"என்ன சார்வாள், எங்கன?" பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோவிலிருந்து பேச்சிமுத்து தலையை நீட்டினான். அவரிடம் படித்தவன். ஒளி விலகலில் ஒரே கேள்வியை மூன்று தடவை தப்பாக எழுதியவன். "பஸ் ஸ்டாண்டுக்கு" என்றார். "இன்னைக்குப் போய்ச் சேந்தாப்பலதான். பைபாஸ்ல பாலத்துக்கு அடியில குழாய் பதிக்கான். வார போற வண்டி அம்புட்டையும் ஊருக்குள்ள திருப்பி விட்டுட்டான். அதான் இம்புட்டுக் கூட்டம்." ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போய் எங்கும் உட்காரவில்லை. அவர் கண் சாலையின் வலது பாதியில் இருந்தது. இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை. இதோ ஆரம்பிக்கும். கேட் சாத்தியதும் வருகிறவர்கள் முதலில் ஒழுங்காக இடது பக்கம் வரிசையாக நிற்பார்கள். பிறகு ஒரு பைக் வலது பக்கம் ஏறி முன்னால் வந்து நிற்கும். அதைப் பார்த்து இன்னொன்று. அதன் பின்னால் ஒரு கார். கொஞ்ச நேரத்தில் சாலை முழுவதும் இந்தப் பக்கத்து வண்டிகள். எதிர்ப்பக்கமும் அதே மாதிரி. கம்பம் தூக்கியதும் இரண்டு கும்பலும் தண்டவாளத்தின் நடுவில் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நிற்கும், யாராலும் நகர முடியாது. தினமும் இதுதான். தினமும் இது இப்படித்தான் முடியும் என்று இங்கே நிற்கிற ஒவ்வொருவனுக்கும் தெரியும். நான் போகாவிட்டால் அவன் போய் நிற்பான், எப்படியும் அடைக்கத்தானே போகிறது, நாமாவது முன்னால் நிற்போம் என்று ஒவ்வொருவனும் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்குத்தான் அடைக்கிறது. இத்தனை வருஷத்தில் ஆவுடையப்பன் ஒரு நாளும் வலது பக்கம் போனதில்லை. இதைச் சொல்லி ஆசிரியர் அறையில் பெருமைப்பட்டிருக்கிறார். முதல் பைக் வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவளின் மடியில் ஒரு பலாப்பழம்.

தொடக்க நிலை தெரிந்தால் போதும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுவார். ஒரு பொருள் இப்போது எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது, என்னென்ன விசைகள் அதன் மேல் செயல்படுகின்றன. இவ்வளவும் தெரிந்தால் அது நாளைக்கு எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். நேற்று எங்கே இருந்தது என்றும் சொல்லிவிடலாம். காலத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட்டாலும் சமன்பாடு முகம் சுளிப்பதில்லை. இதைச் சொல்லும்போது அவருக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும், கோயிலுக்குப் போகாத மனிதருக்குக் கிடைத்த கோயில் அது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மசி விட்டுக் காட்டுவார். அது விரிந்து கலங்கும். இதைத் திரும்பச் சொட்டாக்க முடியுமா என்று கேட்பார். முடியாது சார் என்று வகுப்பே கத்தும். ஒவ்வொரு துகளும் விதிப்படிதான் ஓடியது, விதியில் பின்னால் போகக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை, ஆனாலும் முடியாது, ஏன்? மணி அடித்துவிடும். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "அப்ப நான் இந்தக் கேள்வி கேக்கறதும் முன்னாடியே முடிவானதா சார்?" அவர் சொன்ன பதில், "அது பாடத்திட்டத்துல இல்ல, உக்காரு." வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். கேள்வி மட்டும் நின்றுகொண்டே இருந்தது, இத்தனை வருஷமாக உட்காரவில்லை. நாதன் விஷயத்தில் அவர் சொன்னது இதுவரை தப்பியதில்லை. முதல் தடவை விடுதியிலிருந்து வந்தபோது கோயில் கொடைத் திருவிழாவைத் தாண்டமாட்டான் என்றார். தாண்டவில்லை. செல்போன் கடையில் சேர்ந்தபோது இது நிலைக்காது என்றார். நிலைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது உண்மை. அந்த எரிச்சலுக்கு அடியில், கணக்குக்கு விடை சரியாக வந்ததுபோல மெல்லிசாக ஒரு நிம்மதி இருந்ததே, அதுவும் உண்மையா? சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளும்போது வருமே, அது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. உலகம்மை. "பாத்துட்டியளா?" "கேட் அடைச்சிருக்கு." அந்தப் பக்கம் மிக்ஸி சத்தம் கேட்டது, அடுத்த வீட்டு மிக்ஸி. "வண்டியைப் போட்டுட்டுக் குனிஞ்சு போகவேண்டியதுதானே. எல்லாரும் போறாங்கல்லா." "அப்படிப் போகக் கூடாது." "எதுதான் கூடும் உங்களுக்கு" என்றாள், சண்டைக்கு இழுக்கிற குரலில் அல்ல, களைத்துப் போய். பிறகு, "புளியோதரைப் பொட்டலத்தை டிவி மேல வச்சிட்டுப் போயிட்டான். இருக்கட்டும், அதுக்காக நீங்க ஒண்ணும் வெரட்டிட்டுப் போவாண்டாம். நீங்க போயிச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். சொல்ல வேண்டியது எது என்று அவளும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பதா? நீ திரும்பி வரமாட்டாய், நன்றாக இருப்பாய் என்று மாற்றிச் சொல்வதா? அது இன்னொரு ஜோசியம். ஒரு சொட்டு மசி விட்டாயிற்று, அதன் மேல் இன்னொரு சொட்டு பால் விட்டால் தண்ணீர் தெளிந்துவிடுமா? வெயில் தாரில் பட்டு மேலெழுந்து தண்டவாளம் நெளிவதுபோலத் தெரிந்தது. ஒருத்தன் பைக்கைப் படுக்கவைத்துக் கம்பத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனான். வெள்ளரிக்காய் விற்கிறவள் கூடையோடு குனிந்து அந்தப் பக்கம் போனாள், கொஞ்ச நேரத்தில் வியாபாரம் ஆகாமல் இந்தப் பக்கம் வந்தாள். இத்தனை பேருக்கு முடிகிற ஒன்று தனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று யோசித்தார். முதுகு குனியாதா? குனியும். இத்தனை வருஷத்து ஆவுடையப்பன்கள் வரிசையாகப் பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். தானும் தொடக்க நிலைப்படி ஓடுகிற ஒரு பொருள்தானே. அப்படியானால் மத்தியானம் சொன்னதற்கும் தான் பொறுப்பில்லை என்று ஆகிறது. அந்த நினைப்பு வந்த வேகத்தில் நாக்கில் கசந்தது.

சரக்கு ரயில் வந்தது. எங்கோ தொலைவில் முனகி, பிறகு மண்ணில் அதிர்ந்து, பிறகு எஞ்சின், பிறகு முடிவே இல்லாத பெட்டிகள். மெதுவாக, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தட்டுத் தட்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே எதிர்ப்பக்கம் துண்டு துண்டாகத் தெரிந்தது: ஒரு குடை, ஒரு லாரியின் முகம், யாரோ ஒருவரின் வெள்ளை வேட்டி. தட்டு, தட்டு என்று கேட்கக் கேட்க, ஜன்னல் கம்பியை யாரோ தட்டுகிற சத்தம்போல இருந்தது. ஜன்னல் கம்பி. அவர் அதை நினைக்க விரும்பவில்லை. நினைப்பு வேறெங்கோ போகப் பார்த்து, மறுபடி அதே கம்பியில் வந்து சிக்கிக்கொண்டது. சாரல் காலம். நாதனுக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது. பள்ளி விடுமுறை விட்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, குறுக்குக் கம்பியின் அடியில் வரிசையாகத் தொங்கிய மழைத்துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் துளி முதலில் விழும் என்பது விளையாட்டு. அவர் அளவைப் பார்த்து, காற்றைப் பார்த்து, ஒன்றைக் காட்டுவார். "இதுதான்." விழும். "எப்படிப்பா கண்டுபிடிக்கிய?" என்று வாயைப் பிளப்பான். ஒரு தடவை அவர் காட்டியது விழவில்லை. பக்கத்துத் துளி ஊறி, கனத்து, இதோ விழப் போகிறது என்று ஆனது. அவர் காட்டியதோ அசையாமல் தொங்கியது. அப்போது பையன் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சுண்டுவிரலை நீட்டி, அவர் காட்டிய துளியைத் தட்டிவிட்டான். தட்டிவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, "நீங்க சொன்னதுதாம்ப்பா விழுந்துச்சு" என்றான். ஆவுடையப்பன் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்காததுபோல இருந்துவிட்டார். தோற்பதற்கு ஒரு மாதிரியாக இருந்தது, குழந்தையிடம்தான் என்றாலும். கடைசிப் பெட்டி போய்விட்டது. சத்தம் நின்ற இடத்தில் மத்தியானத்து நாதனின் குரல் கேட்டது. நீங்க சொன்னா சரியாத்தாம்ப்பா இருக்கும். நிலாவுக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாது. இன்ன நாளில் கிரகணம் என்று நாம் எழுதி வைத்ததைப் பார்த்து அது வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அதனால்தான் அங்கே கணக்குப் பலிக்கிறது. கேட்கக் காதுள்ள ஒன்றைப் பற்றி, அதன் காது படச் சொன்னால், சொன்னதும் ஒரு விசையாகிவிடுகிறது. அந்த விசையைத் தன் கணக்கில் அவர் ஒரு நாளும் சேர்த்ததில்லை. கோயில் கொடையைத் தாண்டமாட்டான் என்றபோதும் அவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அப்பாவைத் தோற்கவிடாத பையன்.

ரயில் போயும் கம்பம் தூக்கவில்லை. "பாசஞ்சரும் வருதாம்" என்றான் பேச்சிமுத்து. "ரெண்டையும் அனுப்பிட்டுத்தான் தொறப்பான். சிக்னல் குடுத்துட்டாம்னா அவனே நெனைச்சாலும் தொறக்க முடியாது சார்வாள், பூட்டு விழுந்துரும்." மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பஸ் கிளம்பியிருக்கும். ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் இடது பக்கம் திரும்பி, பைபாஸ் ஏறி, காற்றாலைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும். நாதன் ஜன்னலோரமாக இருப்பான், அவனுக்கு எப்போதும் ஜன்னல்தான். புளியோதரையை மறந்தது நினைவுக்கு வந்திருக்கும். போன் பண்ணலாம். பண்ணி? இந்த மாதிரி விஷயத்தைப் போனில் சொன்னால், "சரிப்பா, சரிப்பா" என்பான், வைத்துவிடுவான். அப்படியே தீபாவளி வரும். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், பட்டறையில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள், அவனுக்கு அப்பா முகம் ஞாபகம் வரும், தட்டிலிருந்து கண்ணெடுக்காத முகம். சுண்டுவிரலை நீட்டுவான். ஆவுடையப்பன் முன்னால் எட்டிப் பார்த்தார். வலது பக்கம் வண்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. முன்னால், கம்பத்தை ஒட்டி, பலாப்பழக்காரியின் பைக்குக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்கூட்டருக்கு இடம் இருந்தது. அவர் போகாவிட்டால் வேறு யாராவது போவார்கள். எப்படியும் அடைக்கத்தான் போகிறது. முன்னால் நின்றால் ஒருவேளை முதலாவதாகத் தாண்டிவிடலாம், ஒருவேளை பஸ் தாமதமாகியிருக்கலாம். இது அந்தக் கணக்கேதான் என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே காலால் தள்ளித் தள்ளி ஸ்கூட்டரை வலது பக்கம் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தினார். "சார்வாளுமா?" என்று பின்னால் பேச்சிமுத்து சிரித்தான். காது சுட்டது. பாசஞ்சர் ஒரு நொடியில் போனதுபோலப் போய்விட்டது.

கம்பம் தூக்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். ஆவுடையப்பன் தண்டவாளத்தைத் தாண்டி நாலு அடிகூடப் போகவில்லை. எதிரே சுவர் மாதிரி ஒரு பஸ்ஸின் முகம் வந்து நின்றது. ஹாரன் சத்தம். அவரவர் அடுத்தவனைப் பின்னால் போகச் சொன்னார்கள். பின்னால் போக யாருக்கும் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. அவர் களைப்போடு தலையை நிமிர்த்திப் பார்த்தார். பஸ்ஸின் நெற்றியில் கோயம்புத்தூர் என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் அது வெறும் எழுத்தாகவே இருந்தது. பிறகுதான் பேச்சிமுத்து முதலிலேயே சொன்னது, பைபாஸ், குழாய், ஊருக்குள்ள திருப்பி விட்டது எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்கார்ந்தன. மூன்று மணி பஸ் அவரைத் தேடிக்கொண்டு அவருக்கு நேரே வந்து நிற்கிறது, அவர் இவ்வளவு நேரமும் அது காற்றாலைகளுக்கு நடுவே ஓடுவதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். ஸ்டாண்டைப் போட்டாரா என்றுகூட நினைவில்லை. பலாப்பழத்தைத் தாண்டி, ஒரு தள்ளுவண்டியைத் தாண்டி, பஸ்ஸின் பக்கவாட்டில் உடம்பை நுழைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். நாலாவது ஜன்னலில் நாதன் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, இங்க?" என்றான் பதறி. "அம்மைக்கு ஏதாவது…" "ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா. புளியோதரையை டிவி மேல வச்சிட்டியாம்." சொன்ன பிறகு இதுவா சொல்ல வந்தது என்று அவருக்கே அசிங்கமாக இருந்தது. நாதன் காத்திருந்தான். "மத்தியானம் சொன்னேம்லா" என்று ஆரம்பித்தார். "அதை விடுங்கப்பா." "விட முடியாது. எனக்குத் தெரியாதுல." "என்ன தெரியாது?" "நீ என்ன ஆவன்னு. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். எனக்குத் தெரியாது." நாதன் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே ஆவுடையப்பன் கேட்டார்: "சாரல்ல ஜன்னல் கம்பியில துளி பார்ப்போமே, ஞாபகம் இருக்கா? ஒருநாள் நான் சொன்னது விழல. நீ தட்டி விட்ட." பையனின் முகத்தில் ஏதோ ஒன்று, முன்பல் விழுந்த வயதிலிருந்து கிளம்பி வந்தது. "அப்பவே பாத்துட்டியளா?" "பார்த்தேன்." "பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?" "ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்." பின்னால் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை பொறுத்திருந்து, முகத்தை ஜன்னலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொன்னார்: "நான் சொன்னேன்னு இனிமே எதையும் தட்டி விடாத. விழுந்தா அதுவா விழட்டும். இல்ல, தொங்கிக்கிட்டே இருக்கட்டும்." பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்காததுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப நீங்க தோத்துருவிய" என்றான் நாதன் கடைசியில். "தோத்தாத் தோத்துட்டுப் போறேன்."

டிரைவர் கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டினார். "யாரு வண்டிவே இது? நட்டநடுவுல ஸ்கூட்டரைப் போட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சாரு?" அந்தக் கோடியிலிருந்து பேச்சிமுத்துவின் குரல் வந்தது. "சார்வாள், உங்க வண்டிதான் பஸ்ஸை மறிச்சுக்கிட்டு நிக்கி! வந்து எடுங்க, ஊரே நிக்கி!" ஆவுடையப்பனுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தார். எல்லா வண்டிகளும் ஒன்றை ஒன்று முட்டி நின்றாலும், அந்த ஸ்கூட்டரை எடுத்தால் ஒரு வழி பிறக்கும் என்று இங்கிருந்தே தெரிந்தது. வலது பக்கத்தில், வரக் கூடாத இடத்தில், ஒருபக்கம் சாய்ந்து நின்றது. "போங்கப்பா, திட்டுதாங்க" என்றான் நாதன், இப்போது சிரிப்பு மாதிரி ஒன்று வந்திருந்தது, மத்தியானத்துச் சிரிப்பு அல்ல. "திட்டட்டும்" என்றார். ஜன்னல் கம்பியில் மகனின் விரல்களுக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்துக்கொண்டார். கம்பி வெயிலில் சுட்டது, எடுக்கவில்லை. பையில் சாவி கனத்தது. அவர் எப்போது போய் அந்த ஸ்கூட்டரை எடுப்பார் என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.